நாணயத்தில் அரசிக்கு எந்த இடம்?

கி.பி. 54 அக்டோபரில் ரோமப் பேரரசர் கிளாடியஸ் இறந்தபோது, அரியணை ஏறிய நீரோவுக்கு வயது 16. அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியான பொற்காசில் நீரோவும் அவர் தாய் அக்ரிப்பினாவும் நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறார்கள். சுற்றிலும் உள்ள எழுத்துகள் யாரைப் பற்றியவை என்று பார்த்தால்தான் அந்தக் காசின் கனம் புரியும். ‘அக்ரிப்பினா அகஸ்டா, தெய்வமான கிளாடியஸின் மனைவி, நீரோ சீசரின் தாய்’ என்கிறது முன்பக்கம். ஆளும் பேரரசரின் பெயரும் பட்டங்களும் பின்பக்கத்தில், ஓக் இலை மாலை ஒன்றைச் சுற்றி ஓடுகின்றன.

அடுத்த ஆண்டுக் காசில் இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள். முன்னால் நீரோவின் முகம்; அதற்குப் பின்னால், ஒரு ஓரக்கோடு போலத் தாயின் முகம். பெயர்களும் இடம் மாறிவிட்டன. முன்பக்கம் மகனுக்கு, பின்பக்கம் தாய்க்கு. அதன் பிறகு பேரரசின் பொன், வெள்ளிக் காசுகளில் அக்ரிப்பினாவே இல்லை. 59-ல் மகனின் உத்தரவின்படி அவர் கொல்லப்பட்டார்.

ரோம நாணயங்களில் உள்ள அரச குடும்பத்துப் பெண்களைப் பற்றிப் பேசும்போது பேச்சு பெரும்பாலும் கூந்தலில் போய் நிற்கிறது. பிளேவியன் அரச மரபின் காலத்துச் சுருள்முடி, பேரரசி ஜூலியா டோம்னாவின் அலையலையான கொண்டை என்று அது நீளும். அதிலும் பயன் இருக்கிறது. பெயர் தெரியாத பளிங்குச் சிலைகள் யாருடையவை என்று கண்டுபிடிக்க, பெயர் பொறித்த காசுகளில் உள்ள தலையலங்காரமே பல இடங்களில் கைகொடுத்தது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் இந்தக் காசுகளுக்கு அநீதி செய்கிறோம். இவை அரசு ஆவணங்கள். எந்தப் பெண்ணை, எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில், என்ன சொல்லோடு வைப்பது என்பது அரசியல் முடிவு. அவரை நீக்குவதும் அப்படித்தான்.

கொங்கு நாட்டில் புதையல்களாகக் கிடைத்த, பேரரசர் டைபீரியஸின் வெள்ளிக் காசுகளையே எடுத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் ஒரு பெண் ஒரு கையில் செங்கோலும் மறு கையில் இலைக்கிளையுமாக அமர்ந்திருக்கிறார். டைபீரியஸின் தாய் லிவியாதான் அது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் சுற்றியுள்ள எழுத்து ‘தலைமைக் குரு’ என்ற பேரரசரின் பட்டத்தைச் சொல்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. லிவியா 29-ல் இறந்தபோது அவரைத் தெய்வமாக அறிவிக்க மகன் சம்மதிக்கவில்லை. 42-ல் பேரன் கிளாடியஸ் அறிவித்தார். அதற்குப் பிறகுதான் ‘தெய்வீக அகஸ்டா’ என்ற பட்டத்தோடு லிவியா காசில் அமர்ந்தார். மாமன்னர் அகஸ்டஸின் நேரடி வழித்தோன்றல் அல்லாத கிளாடியஸுக்கு, தெய்வமான பாட்டி ஒருவர் தேவைப்பட்டார்.

காசு சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். பேரரசர் மார்கஸ் ஆரேலியஸின் மனைவி இளைய ஃபாஸ்டினா பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர். 161-ல் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்ததும், அரியணையில் இரண்டு சிசுக்கள் இருக்கும் படத்தோடு ‘காலத்தின் இன்பம்’ என்று காசு வெளியானது. அந்த இரட்டையரில் ஒருவன் நான்கு வயதில் இறந்துபோனான்; மற்றவன் பிற்காலப் பேரரசர் கொமோடஸ். ஃபாஸ்டினாவின் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் சிறுவயதிலேயே இறந்தார்கள். அரசுக்குத் தேவைப்பட்டது வாரிசு பற்றிய நற்செய்தி மட்டுமே. தாயின் துக்கத்துக்குக் காசில் இடமில்லை.

இதெல்லாம் வெறும் அரசாங்கப் பிரசாரம், இதை வைத்து அந்தப் பெண்களின் அதிகாரத்தை எப்படி அளப்பது என்று கேட்கலாம். பிரசாரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பிரசாரம் ஓராண்டுக்குள் மாறுகிறது என்றால், அரண்மனைக்குள் ஏதோ மாறியிருக்கிறது. அக்ரிப்பினாவை அதிகார வெறி பிடித்தவராகக் காட்டும் ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ், அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு எழுதியவர். காசோ அவர் உயிரோடு இருந்தபோதே அச்சானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது நியாயமல்ல.

நாணயவியல் பட்டியல்கள் பேரரசர்களின் ஆட்சிக்காலப்படி தொகுக்கப்படுவதும் ஒரு தடைதான். மனைவியும் தாயும் மகளும் அந்த ஆணின் பெயருக்குக் கீழே வந்துவிடுகிறார்கள். 275-ல் பேரரசர் ஆரேலியன் கொல்லப்பட்ட பின் அடுத்த பேரரசர் வரும்வரை அவர் மனைவி செவரினாவின் பெயரில் மட்டும் காசுகள் வெளியாயின என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். ‘படைகளின் ஒற்றுமை’ என்பது அவர் காசுகளில் உள்ள வாசகம். அவர்கள் சொல்வது சரியென்றால், கணவர் இல்லாத அந்த இடைவெளியில் பேரரசு இயங்கியது செவரினாவின் பெயரில். அவரை ஆரேலியன் ஆட்சியின் பின்னிணைப்பாக வைப்பது எப்படிச் சரியாகும்?

நம் பாடநூல்களும் அருங்காட்சியகங்களும் ரோமக் காசுகளை வணிகத்துக்கான சான்றாகக் காட்டுகின்றன. அது வேண்டியதுதான். அதோடு இரு பக்கங்களின் படத்தையும், பொறித்த எழுத்துகளின் தமிழாக்கத்தையும், அச்சான ஆண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொங்கு நாட்டு வெள்ளலூரில் கிடைத்த டைபீரியஸின் வெள்ளிக் காசைப் பார்க்கும் மாணவி, பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் யார், அவர் பெயர் ஏன் எழுதப்படவில்லை என்று கேட்பதற்கு அது போதும்.