டிவியில் பேசுவது புரியலையா? பெட்டியைத் திட்டாதீங்க, ஹாலைப் பாருங்க!

கீழ்பென்னாத்தூர் பக்கம் இப்போது கட்டும் வீடுகளின் ஹால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மேலே கான்கிரீட், கீழே வழவழ டைல்ஸ், சுற்றிலும் பட்டி பார்த்த சுவர். அங்கே ஹோம் தியேட்டரை வைத்து திருவண்ணாமலை தீப நேரலையைப் போட்டால் மேளம் மட்டும் 'தம் தம்' என்று அதிர்கிறது. வர்ணனையாளர் என்ன சொல்கிறார் என்பது தாத்தாவுக்குப் புரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் பாட்டிக்குத் தலைவலி.

பழி ஸ்பீக்கர் மேல் விழுகிறது. குறை அறையில் இருக்கிறது.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 10 அடி என்றால், சுமார் 56 ஹெர்ட்ஸ் பாஸ் ஒலி இரண்டிலும் மோதித் திரும்பி வீங்கும். சுவரோரம் இருப்பவருக்குக் காது அடைக்கும். சரியாக நடுவில் இருப்பவருக்கு அதே ஒலி காணாமல் போகும்!

இதைக் கவனிக்க வந்ததுதான் 'ரூம் கரெக்‌ஷன்'. ஏவி ரிசீவருடன் வரும் குட்டி மைக்கை உட்காரும் இடத்தில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் 'ஊய்ங்' என்று குரல் கொடுக்கும். மைக்கில் பதிவானதைக் கணக்கிட்டு, வீங்கிய ஒலியை ரிசீவரே குறைக்கும். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் உள்ள 'ஆடிஸி', அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்தது. சோனோஸ் 2015ல் கொண்டுவந்த 'ட்ரூபிளே'வில் ஐபோனை மேலும் கீழும் ஆட்டியபடி அறையைச் சுற்ற வேண்டும். பார்ப்பவர்கள் திருஷ்டி கழிப்பதாக நினைக்கலாம்!

அளக்கும்போது ஃபேன், ஏசி, மிக்ஸி எல்லாம் ஆஃப். கோயில் ஸ்பீக்கர் பாடாத நேரமாகவும் இருக்கட்டும். மைக் காது உயரத்தில், ஸ்டாண்டில் இருக்க வேண்டும். சோபா மேல் போடக் கூடாது. தாத்தா உட்காரும் இடம், அதன் இரு பக்கம் என நகர்த்தி நகர்த்தி அளந்தால் நல்லது. முடிந்ததும் பாஸ் குறைந்துவிட்டதாகத் தோன்றும். இரண்டு நாள் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

ஆனால், வெறும் சுவர் கிளப்பும் எதிரொலியை எந்த மைக்காலும் துடைக்க முடியாது. 1895ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புது அரங்கில் பேராசிரியர் பேச்சு யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை சுற்றிக்கொண்டே இருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளர், பக்கத்துத் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பினார். எதிரொலி ஒரு விநாடி அளவுக்கு இறங்கியது.

நம் வீட்டுக்கும் அதே வைத்தியம்தான்: தரையில் கனமான ஜமக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை, சுவரோரம் துணி சோபா. இவற்றைப் போட்ட பிறகுதான் மைக்கை எடுக்க வேண்டும். சோபாவை இடம் மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

விலை குறைந்த சவுண்ட்பார்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. அவர்கள் சப்வூஃபரை மூலையிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துப் பார்க்கட்டும். செலவே இல்லை!