இளைப்பது உடம்பா, மடிச்சீலையா?

உடம்பு இளைக்க ஊசி மருந்தாம், அதற்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலையாம் என்று சொன்னால் மில் வாசலிலே சிரிப்பார்கள். அரைப்படி கூலி நெல்லுக்காகக் களத்து மேட்டிலே மல்லுக்கு நிற்கிற விவசாயத் தொழிலாளியிடம் இந்தப் பேச்சை எடுத்தால், நம் பத்திரிகைக்கு வேறு வேலை இல்லையா என்றுகூடக் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்காவில் இன்று இந்த மருந்துக்காகப் பணத்தைப் பறிகொடுப்பவர்கள் சீமாட்டிகளும் சினிமா நட்சத்திரங்களும் மட்டுமல்ல. கிடங்கிலே பெட்டி தூக்குகிறவர்கள், ஆஸ்பத்திரியிலே தரை துடைக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் எல்லோரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

பருத்த உடம்பு பணக்காரனின் அடையாளம் என்பது நம் ஊர்ப் பழைய கணக்கு. அமெரிக்காவில் பல இடங்களில் அது ஏழ்மையின் அடையாளம். அங்கே மலிவாகக் கிடைப்பது சர்க்கரைத் தண்ணீரும், எண்ணெயில் பொரித்த மாவும்தான். காயும் பழமும் விலை அதிகம். அவை விற்கும் கடையோ தூரம். இரண்டு இடத்தில் வேலை பார்த்துவிட்டு நடுநிசியில் வீடு திரும்புகிற பெண் அடுப்பு மூட்டிச் சமைப்பாளா? கையில் கிடைத்ததை வழியிலேயே தின்று முடிக்கிறாள். பிறகு சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி, இருதய நோய் என்று ஒவ்வொன்றாக வந்து சேருகிறது. நோயை விற்றவன் ஒருவன், மருந்தை விற்கிறவன் இன்னொருவன். இரண்டு பேருக்கும் பணம் கொடுக்கிறவள் மட்டும் அதே பெண்தான்.

மருந்தைப் பற்றி முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுவோம். இது சந்தையில் விற்கிற போலி லேகியம் அல்ல. டென்மார்க் நாட்டு நோவோ நார்டிஸ்க் கம்பெனியின் செமாக்ளூடைட் என்ற மருந்து, சர்க்கரை வியாதிக்காக ஓசெம்பிக் என்ற பெயரில் 2017-லும், எடை குறைப்பதற்காக வீகோவி என்ற பெயரில் 2021-லும் அமெரிக்க சர்க்காரின் அனுமதி பெற்றது. எலி லில்லி என்ற அமெரிக்கக் கம்பெனியின் டிர்செபடைட், எடை குறைப்புக்காக செப்பவுண்ட் என்ற பெயரில் 2023-ல் வந்தது. நாம் சாப்பிட்டதும் குடலிலே சுரக்கிற ஒரு நீரைப்போலவே இவை வேலை செய்கின்றன, பசியை அடக்குகின்றன, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. வாரத்துக்கு ஒரு ஊசி. 2021-ல் வெளியான பரிசோதனையில், 68 வாரம் செமாக்ளூடைட் போட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரியாக நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடை குறைந்தது. குமட்டலும் வாந்தியும் பலருக்கு உண்டு. ஆனாலும் பலன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஒரு விஷயம் மட்டும் விளம்பரங்களில் சிறிய எழுத்தில் கிடக்கிறது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது என்று அதே பரிசோதனையின் தொடர்ச்சியே காட்டியது. ஆக, ஒரு மாதம் இரண்டு மாதம் போட்டுவிட்டு விடுகிற ஊசி அல்ல இது. வருஷக் கணக்கில் போடவேண்டியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு விலையைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் வீகோவிக்குக் கம்பெனி குறித்த பட்டியல் விலை 2025-ல் மாதம் 1,349 டாலர். அந்த நாட்டின் மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009-லிருந்து அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. சில மாநிலங்கள் தாமாகவே உயர்த்தியிருக்கின்றன. இதே கூலியில் நிற்கிற மாநிலங்களும் உண்டு. வாரம் 40 மணி நேரம் உழைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 1,256 டாலர், அதுவும் வரிப் பிடித்தத்துக்கு முன்னால். ஒரு மாதம் முழுக்க உழைத்த கூலியை அப்படியே எடுத்துக் கொடுத்தாலும் மருந்துக்கு இன்னும் 93 டாலர் கடன் வாங்கவேண்டும்! வீட்டு வாடகை, சோறு, பிள்ளைகளுக்குச் சட்டை எல்லாம் அதற்குப் பிறகு.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். முதியோருக்கான மெடிகேர் திட்டம், எடை குறைப்பு மருந்துகளுக்குப் பணம் தரக்கூடாது என்று 2003-ம் ஆண்டுச் சட்டமே தடுத்து வைத்தது. வட கரோலினா மாநிலத்தில் ஆசிரியர்களுக்கும் சர்க்கார் ஊழியர்களுக்கும் உள்ள சுகாதாரத் திட்டம், 2023-ல் மட்டும் இந்த மருந்துகளுக்காக ஏறக்குறைய 10 கோடி டாலர் செலவழித்தது. தாங்க முடியாமல் 2024 ஏப்ரல் முதல் எடை குறைப்புக்கு மருந்து தருவதையே நிறுத்திவிட்டது. விலை குறையவில்லை, நோயாளிகளைத்தான் குறைத்தார்கள். 2024 மே மாதம் கே.எஃப்.எஃப். என்ற ஆய்வு நிறுவனம் ஜனங்களிடம் விசாரித்தபோது, இந்த வகை மருந்தை எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் செலவைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது என்றார்கள்.

இங்கேதான் செல்போன் வைத்தியம் நுழைகிறது.

இன்ஷூரன்ஸ் கைவிட்டவர்களைக் குறிவைத்து அமெரிக்காவில் டெலிஹெல்த் கம்பெனிகள் முளைத்தன. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம், செல்போனில் ஒரு படிவத்தை நிரப்பு, உன் உயரம், எடை, வியாதிகளைச் சொல்லு, டாக்டர் சீட்டு எழுதுவார், மருந்து தபாலில் வீட்டுக்கு வரும் என்பது விளம்பரம். பல இடங்களில் டாக்டர் முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை. படிவம் போகிறது, சீட்டு வருகிறது.

தொலைவிலிருந்து வைத்தியம் பார்ப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. நூறு மைலுக்கு டாக்டர் இல்லாத ஊரில் இருப்பவனுக்கு அது பெரிய உதவி. அந்த உதவிக்கு வாசலிலே போட்டிருக்கிற உண்டியலைத்தான் பார்க்கச் சொல்கிறோம். மாதச் சந்தா என்று ஒன்று வாங்குகிறார்கள். சில கம்பெனிகளில் அது மட்டுமே மாதம் நூறு டாலரைத் தாண்டும். மருந்தின் விலை அதில் சேராது. ரத்தப் பரிசோதனைக்குத் தனி. முதல் மாதம் சலுகை விலை என்று அழைப்பார்கள்; டோஸ் ஏற ஏற விலையும் ஏறும். பாங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் தானாகவே பணம் போய்க்கொண்டிருக்கும். நிறுத்தச் சொன்னால் வருஷ ஒப்பந்தம் என்பார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். இங்கே சுண்டைக்காயே முழுப் பணம். சுமைகூலி அதற்கு மேலே.

நாம் மிகைப்படுத்தவில்லை. நெக்ஸ்ட்மெட் என்ற பெயரில் நடந்த ஒரு டெலிஹெல்த் கம்பெனி மீது அமெரிக்க வர்த்தகக் கமிஷனே 2025 ஜூலையில் நடவடிக்கை எடுத்தது. விளம்பரத்தில் காட்டிய விலையில் மருந்தும் பரிசோதனையும் சேரவில்லை, ஒரு வருஷக் கட்டாயத்தை ஒழுங்காகச் சொல்லவில்லை, பாராட்டுக் கடிதங்களும் போலி என்பது கமிஷனின் குற்றச்சாட்டு. முடிவு? கம்பெனி ஒன்றரை லட்சம் டாலர் கட்டி விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. பட்டியல் விலைப்படி பார்த்தால் அது ஒன்பது பேருக்கு ஓராண்டு ஊசி மருந்தின் விலை.

இந்தக் கம்பெனிகள் விலையைக் குறைத்த காலமும் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. பெரிய கம்பெனிகளால் கேட்ட அளவு மருந்து தர முடியாமல் தட்டுப்பாடு வந்தது. தட்டுப்பாட்டுக் காலத்தில் மருந்துக் கடைக்காரர்களே மூலப்பொருளை வாங்கிக் கலந்து கொடுக்கலாம் என்று அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஹிம்ஸ் அண்ட் ஹெர்ஸ் என்ற கம்பெனி 2024 மே மாதம் மாதம் 199 டாலரிலிருந்து விற்க ஆரம்பித்தது. 1,349 எங்கே, 199 எங்கே! ஜனங்கள் அங்கே ஓடியதில் ஆச்சரியமில்லை. ஆனால் கலப்பு மருந்துக்கு சர்க்கார் பரிசோதித்துக் கொடுத்த அனுமதி கிடையாது. குப்பியிலிருந்து ஊசியில் எவ்வளவு உறிஞ்சுவது என்று தெரியாமல், குறித்த அளவைப்போல் ஐந்து மடங்கிலிருந்து இருபது மடங்கு வரை போட்டுக்கொண்டவர்களும் உண்டு என்று மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2024 ஜூலையில் எச்சரித்தது. பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்து கையைப் பிடித்துக் காட்டியிருந்தால் நேர்ந்திருக்குமா? 2025 பிப்ரவரியில் செமாக்ளூடைட் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டதாக இலாகா அறிவித்தது. மே மாதத்துக்குள் பெரும்பாலான கலப்பு மருந்துக்குக் கதவு சாத்தப்பட்டது. மலிவு விலையை நம்பிப் பாதி வழி வந்தவர்கள் பாதி வழியிலேயே நின்றார்கள். பாதி வழியில் நின்றால் எடை திரும்பும் என்பதை மேலே பார்த்தோம். கொடுத்த பணம் மட்டும் திரும்பாது.

சரி, இந்த மருந்தைத் தயாரிக்க உண்மையில் என்ன செலவாகிறது? யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்து 2024 மார்ச்சில் வெளியிட்ட கணக்கின்படி, லாபம் சேர்த்தும்கூட செமாக்ளூடைட் ஊசியை மாதம் 89 சென்ட்டிலிருந்து 4 டாலர் 73 சென்ட்டுக்குள் கொடுக்க முடியும். அமெரிக்க செனட்டில் பெர்னி சாண்டர்ஸ் தலைமையிலான கமிட்டி இதே ஆண்டு செப்டம்பரில் நோவோ நார்டிஸ்க் தலைவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அமெரிக்காவில் 1,349 டாலருக்கு விற்கிற வீகோவி ஜெர்மனியில் 140 டாலர், பிரிட்டனில் 92 டாலர் என்று கமிட்டி எடுத்துக் காட்டியது. கம்பெனித் தலைவர் பழியை இடைத்தரகர்கள் மேல் போட்டார். மருந்துக் கம்பெனிக்கும் இன்ஷூரன்சுக்கும் நடுவே கமிஷன் தின்கிற தரகர்கள் இருப்பது உண்மைதான். நம் கமிஷன் மண்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டாம். ஆனால் மண்டிக்காரனும் மொத்த வியாபாரியும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும்போது, நஷ்டப்பட்டது இருவரில் ஒருவருமல்ல என்பதும் நமக்குத் தெரியும்.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ரொக்கம் கொடுப்பவர்களுக்கு வீகோவி 499 டாலர் என்று 2025 மார்ச்சில் கம்பெனியே அறிவித்தது. நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி, இரண்டு மருந்துக் கம்பெனித் தலைவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விலைக் குறைப்பை அறிவித்தார். அதே மாதம் ரொக்க விலை 349 டாலர் ஆயிற்று. அதே ஊசி, அதே தொழிற்சாலை. ஆயிரம் டாலர் வாய்ச்சொல்லில் இறங்கியது! அப்படியானால் அதற்கு முந்திய நாலு வருஷம் அந்த ஆயிரம் எதற்காக வாங்கப்பட்டது? 349 டாலர் என்பதும் 7 டாலர் 25 சென்ட் கூலிக்காரனுக்கு 48 மணி நேர உழைப்பு என்பதை மறக்கவேண்டாம்.

ஆராய்ச்சிக்குச் செலவாயிற்று என்பார்கள். ஆராய்ச்சி யார் செய்தது? இந்த வகையில் முதல் மருந்துக்கு வழி திறந்தவர் ஜான் எங் என்ற டாக்டர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினருக்கான சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஹீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் நஞ்சில் அவர் கண்டெடுத்த பொருளிலிருந்துதான் 2005-ல் அனுமதி பெற்ற எக்ஸனடைட் பிறந்தது. கம்பெனி விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஊசியை வாரம் ஒரு முறையாக்கியது அவர்கள் திறமை. ஆனால் ஜனங்களின் வரிப்பணம் போட்ட அஸ்திவாரத்துக்கும் சேர்த்து வாடகை வசூலிப்பது என்ன நியாயம்? 2023-ல் நோவோ நார்டிஸ்க்கின் பங்கு மதிப்பு டென்மார்க் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியையே தாண்டிற்று. இரண்டே ஆண்டில், 2025 செப்டம்பரில், 9,000 பேரை வேலையிலிருந்து நீக்கப்போவதாக அதே கம்பெனி அறிவித்தது. லாபம் பெருகியபோது தொழிலாளியைப் பங்குக்குக் கூப்பிடவில்லை. போட்டி வந்தபோது மட்டும் கழுத்து நீட்ட அவனைக் கூப்பிட்டார்கள்.

விலையை இப்படித் தூக்கி நிறுத்துகிற கம்பத்துக்குப் பெயர் காப்புரிமை. அமெரிக்காவில் செமாக்ளூடைட் மீதான காப்புரிமை 2032 வரை ஓடும் என்கிறார்கள். கானடாவில் நடந்தது கதைபோல இருக்கும். சில நூறு டாலர் கட்டணத்தைக் கம்பெனி கட்டாமல் விட்டதால் அங்கே காப்புரிமை முன்பே காலாவதியாயிற்று. ஒரு குமாஸ்தாவின் மறதியோ, எஜமானனின் கணக்கோ, நாம் அறியோம். இந்தியாவில் அதன் காலம் 2026 மார்ச் வரைதான்.

நமக்கும் இந்த மருந்துக்கும் உள்ள சம்பந்தம் இங்கேதான். 2025 ஜூனில் வீகோவி இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப டோஸுக்கே மாதம் 17,345 ரூபாய். நம் மில்களில் பலருடைய மாதச் சம்பளத்தை அது தாண்டும். காப்புரிமை முடியும் நாள் நெருங்க நெருங்க, நவம்பரிலேயே கம்பெனி விலையைக் குறைத்துக்கொண்டது. 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளின் மீது ஏகபோகம் தரவில்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டும் உரிமை தந்தது. அதனால்தான் இந்தியா மலிவு மருந்து செய்யும் நாடாயிற்று. 2005-ல் உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தில் அந்தக் கதவை மூடினார்கள். மூடியதன் விலையைத்தான் இன்று ரூபாயாகக் கொடுத்துப் பார்க்கிறோம்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிற்று. இளைப்பதற்கு ஊசி வேண்டாத விவசாயத் தொழிலாளிக்கும் சர்க்கரைக்கு மருந்து வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. காப்புரிமை நீங்கியபின் இதைச் செய்ய இந்தியக் கம்பெனிகளுக்குத் திறமை உண்டு. மொத்தமாக மருந்து வாங்கி ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்க 1994-ல் அமைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நம்மிடம் உண்டு. யாருக்கு இந்த ஊசி உண்மையில் தேவை என்று டாக்டர்கள் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும். சொன்னவர்களுக்கு சர்க்கார் ஆஸ்பத்திரியிலே, சந்தா இல்லாமல், செல்போன் படிவம் இல்லாமல், இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்று நாம் கோருகிறோம். தாலுகா ஆஸ்பத்திரி மருந்துப் பட்டியலில் இதன் பெயர் ஏறுகிறதா என்று தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் நேரில் போய்க் கேட்கவேண்டும்.