பழைய ஆடையும் பழுதற்ற நாவும்

தியானப் பகுதி: நீதிமொழிகள் 20:14, ஆதியாகமம் 18:22-33, 23:1-16



பழைய துணியை இணையத்தில் விற்பதும் அதற்குப் பேரம் பேசுவதும் ஒரு வாரத் தியானத்துக்கு ஏற்ற பொருளா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். ஏற்ற பொருளே என்பது என் எண்ணம். வேதம் சந்தையைக் கண்டு ஒதுங்கிப்போகிற புத்தகம் அன்று. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் பிறனை நேசிக்கக் கட்டளையிடும் தேவன், அதே அதிகாரத்தின் முடிவில் தராசையும் படிக்கல்லையும் மரக்காலையும் பற்றிப் பேசுகிறார். ஞாயிறு காலையில் பாடுகிற நாவும் திங்கள் மாலையில் விலை பேசுகிற நாவும் ஒன்றுதானே?

பழைய துணி விலைபோவது நமக்குப் புதிதல்ல. எவர்சில்வர் பாத்திரங்களைக் கூடையில் சுமந்து, பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவிவரும் பெண்களை நாம் அறிவோம். நான்கு புடவைக்கு ஒரு தூக்குவாளியா, ஆறு புடவைக்கு ஒரு குண்டானா என்று திண்ணையில் அமர்ந்து பேசும் பேச்சு நீண்டுகொண்டே போகும். நடுவில் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். நம் தாய்மார் மோர் கொடுப்பார்கள். பட்டுப்புடவையின் ஜரிகைக்காகவே வீடு தேடி வருகிறவர்களும் உண்டு. இன்று அந்தத் திண்ணை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வாட்ஸ்அப் குழுக்கள் என்று விற்பதற்கு இடங்கள் பல. கிறிஸ்மஸ் அன்று ஒரே நாள் அணிந்த பிள்ளையின் கவுன், திடப்படுத்தல் ஆராதனைக்காகத் தைத்த வெள்ளையுடை, மணநாளில் உடுத்திய புடவை ஆகியவை அங்கே படங்களாக வந்து நிற்கின்றன. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு தாய் தன் மணப்புடவையை ஏன் விற்கிறாள் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் படத்தின் கீழே வரும் முதல் வார்த்தை வணக்கமாக இருப்பதில்லை, “கடைசி விலை என்ன?” என்பதாகவே இருக்கிறது. அடுத்த வார்த்தை, “இதற்கா இவ்வளவு?”

நீதிமொழிகள் 20:14-ல் இதே காட்சியைக் காண்கிறோம். வாங்க வந்தவன் பொருளை இகழ்கிறான்; வாங்கிக்கொண்டு போனபின்போ தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்கிறான். எபிரெய மூலத்தில் அவன் வாயில் வருவது ‘ரா’ என்னும் சிறு சொல். அதை இருமுறை சொல்கிறான். கெட்டது, தீயது என்பது அதன் பொருள். ஏதேன் தோட்டத்தில் நன்மை தீமை அறியத்தக்க விருட்சத்தின் பெயரில் தீமையைக் குறிப்பதும் இச்சொல்லே. நன்மையைத் தீமை என்று அழைப்பவர்களுக்கு ஐயோ என்று ஏசாயா 5:20 எச்சரிக்கும்போதும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. கவனியுங்கள்: விலையைக் குறைத்துக் கேட்டதை நீதிமொழி குற்றமாகக் காட்டவில்லை. நல்லது என்று அறிந்தே வந்தவன், அதைக் கெட்டது என்று சொன்னதைக் காட்டுகிறது.

ஆகவே, பேரமே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். பேரம் பேசும் உரிமை எளியவனுக்கு ஒரு கண்ணியம் என்றே சொல்வேன். இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கடலூர், நாகப்பட்டினம் கரைகளைத் தாக்கியபின், நாடெங்குமிருந்து லாரிகளில் பழைய துணிகள் வந்து இறங்கின. கொடுத்தவர்களின் இரக்கம் மெய்யானதே. ஆயினும் அவற்றில் மிகுதியானவை சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தன. உழைத்து உண்டு வாழ்ந்த மீனவக் குடும்பங்களுக்கு, எவரோ உடுத்துக் கழித்ததை அள்ளிப்போட்ட இடத்திலிருந்து பொறுக்கி உடுத்த மனம் வரவில்லை. அந்தக் குவியல்களைத் தரம்பிரித்துப் பயனாக்கும் பணியில் கூஞ்ச் என்னும் அமைப்பு ஈடுபட்டது. 1999-இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய இவ்வமைப்பு, ஊருக்கான குளத்தையோ பாதையையோ மக்களே சீராக்கி, அவ்வுழைப்பின் பலனாக ஆடையைப் பெற்றுக்கொள்ளும் முறையைப் பல இடங்களில் நடத்திவருகிறது. அதே பழைய ஆடைதான். ஆனால் தெரிந்தெடுக்கவும் ஈடு கொடுக்கவும் வழியிருந்தால், பெறுகிறவன் தலைநிமிர்ந்து பெறுகிறான். நூறு ரூபாய் விலையுள்ள சட்டையை எண்பதுக்குக் கேட்டு வாங்கும் ஏழைத் தகப்பனும் அப்படியே.

அப்படியானால் பேரம் எப்போது பழுதாகிறது? பொய் கலக்கும்போது, முகம் மறையும்போது, பலவீனனை நெருக்கும்போது.

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போர்த்தி, அதற்குள் விரல்களைப் பிடித்து விலை பேசுகிற வழக்கத்தைக் கண்டிருப்பீர்கள். கேட்ட விலையும் மறுத்த விலையும் இருவருக்குள் நின்றுவிடும். எவனும் ஊரார் முன் சிறுமைப்படுவதில்லை. ஒருவர் கை மற்றவர் கையில் இருக்கும்போது அவமதிப்பதும் எளிதல்ல. இணையத்திலோ கையும் இல்லை, துண்டும் இல்லை. முகமறியாத ஒருவர், நூறு பேர் பார்க்க, “இந்தக் கந்தலை யார் வாங்குவார்?” என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார். அதை வாசிக்கிற பெண் அன்று இரவு என்ன நினைத்தாள் என்பது அவருக்குத் தெரியப்போவதில்லை.

விற்பவரின் பக்கத்திலும் பழுது உண்டு. பீங்கான் சூளைகளின் ஊரில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். பாண்டம் வாங்குகிறவர் விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறார். கீறல் விழுந்திருந்தால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். சிறு குறையுள்ளதைக் குறையுள்ளது என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுப்பதில் அவமானமும் இல்லை. ஆனால் கைப்பேசிப் படத்தைத் தட்டினால் ஓசை வராது. அக்குளில் வெளுத்த இடமும், மஞ்சள் கறையும், நைந்த விளிம்பும் படத்துக்கு வெளியே தங்கிவிடுகின்றன. ஐந்து முறை உடுத்தது ஒருமுறை உடுத்ததாகிவிடுகிறது. வாங்குபவரால் தட்டிப் பார்க்க இயலாதபோது, அந்த ஓசையைத் தானே ஒலிப்பது விற்பவரின் கடமை.

மூன்றாவது, பலவீனரை நெருக்குதல். பெரிய கடையில் சீட்டில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். அங்கே பேசினாலும் பயனில்லை என்று அறிவோம். நம் பேச்சுத்திறன் எல்லாம் மறுக்க இயலாதவரிடத்தில்தான் வெளிப்படுகிறது. ஆடை விஷயத்தில் தேவன் எவ்வளவு நுட்பமாயிருக்கிறார் பாருங்கள். ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால், பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கவேண்டும். இரவில் அவன் வேறெதைப் போர்த்துக்கொள்வான் என்று யாத்திராகமம் 22:26-27 கேட்கிறது. விதவையின் வஸ்திரத்தை அடகாக வாங்கவே கூடாது என்கிறது உபாகமம் 24:17. அடகு வாங்கிய வஸ்திரங்களின்மேல் பீடங்களின் அருகே படுத்திருந்தவர்களை ஆமோஸ் 2:8 கடிந்துகொள்கிறது. கொடுக்கல் வாங்கலில் ஒப்பந்தம் ஒழுங்காயிருந்ததா என்பதோடு வேதம் நிற்கவில்லை. அந்த ஆடைக்குரியவர் இன்றிரவு எப்படித் தூங்குவார் என்றும் கேட்கிறது.

இதையெல்லாம் வியாபாரத்தில் கடைப்பிடிக்க முடியுமா என்றால், கடைப்பிடித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் வழிநடத்திய குவேக்கர் சபையார், முதலில் ஒரு விலை சொல்லிப் பின்பு வேறு விலைக்கு இறங்குவது பொய்யுரைப்பதே என்று கருதினார்கள். ஆகவே எல்லாருக்கும் ஒரே விலையைச் சொன்னார்கள். தொடக்கத்தில் வாடிக்கையாளர் விலகினார்கள். நாளடைவில், சிறுபிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கை பரவி, அவர்கள் கடைகளுக்குக் கூட்டம் திரும்பியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1858-இல் பெத்தானியா ஞாயிறு பள்ளியை நிறுவிய ஜான் வானமேக்கர், 1861-இல் ஆடைக்கடை தொடங்கியவர். விலையை வெளிப்படையாகக் குறித்து எல்லாருக்கும் அதே விலையில் விற்கும் முறை பரவ அவர் பெரிதும் காரணமானார். இன்று நாம் சாதாரணமாக எண்ணும் விலைச்சீட்டின் பின்னே இப்படி ஒரு மனச்சாட்சியின் வரலாறும் உண்டு.

அனைவரும் ஒரே விலை சொல்லவேண்டும் என்று நான் கட்டளையிடவில்லை. பழைய ஆடைக்கு அச்சிட்ட விலை கிடையாது, பேசித்தான் தீர்மானிக்கவேண்டும். ஆனால் எவருக்காகப் பேசுகிறோம் என்பதை ஆபிரகாமிடம் கற்றுக்கொள்வோம். அவருடைய வாழ்வில் இரண்டு விலைப் பேச்சுகளைக் காண்கிறோம். ஆதியாகமம் 18-ல் சோதோமுக்காகத் தேவனிடம் மன்றாடுகிறார். ஐம்பது நீதிமான்களில் தொடங்கி, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று ஆறுமுறை கேட்டு இறங்குகிறார். நாணமின்றி, சலிப்பின்றிப் பேசுகிறார், தேவனும் கோபிக்கவில்லை. ஆதியாகமம் 23-ல் சாராளை அடக்கம்பண்ண மக்பேலா குகையை வாங்க நிற்கிறார். எப்பெரோன் முதலில் இலவசம் என்கிறான். பின்பு, நமக்குள் அது எம்மாத்திரம் என்ற தோரணையில் நானூறு சேக்கல் வெள்ளி என்கிறான். பேரத்தில் தேர்ந்த அதே ஆபிரகாம் அங்கே ஒரு சேக்கலையும் குறைக்கக் கேட்கவில்லை, நிறுத்துக் கொடுத்துவிடுகிறார். பிறருடைய உயிருக்காக ஆறுமுறை பேசிய வாய், தன் பணத்துக்காக ஒருமுறையும் திறக்கவில்லை.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் கைப்பேசியில் இதைச் செய்துபாருங்கள். விற்கிறீர்களானால், கறையையும் படம் எடுங்கள், கிழிசலை எழுதுங்கள். எந்த விலைக்கு மெய்யாகக் கொடுக்க மனமோ அதையே சொல்லுங்கள். சற்றுக் குறைக்கலாம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒருவருக்குத் தருவதாகச் சொன்னபின், அதிகம் கொடுப்பவர் வந்தார் என்று மாறாதிருங்கள். வாங்குகிறீர்களானால், வணக்கத்தோடு தொடங்குங்கள். பொருளை இகழாமல், “என்னால் இவ்வளவுதான் கொடுக்க இயலும்” என்று, அது உண்மையானால் மட்டும், சொல்லுங்கள். சம்மதித்தபின் வீட்டு வாசலில் நின்று இன்னும் ஐம்பது குறைக்கக் கேளாதிருங்கள். மத்தேயு 5:37-ல் நம் ஆண்டவர் கற்பித்தபடி, ஆம் என்றால் ஆம் என்றே இருக்கட்டும். அவசரத்தில் மிகக் குறைத்து விற்கிறவரைக் கண்டால், அது உங்கள் அதிர்ஷ்டம் என்று எண்ணாமல், தகுந்த விலையை நீங்களே உயர்த்திக் கொடுங்கள். பெட்டியில் இரண்டு இருந்து, எதிரில் ஒன்றுமில்லாதவர் நின்றால், லூக்கா 3:11-ல் யோவான்ஸ்நானன் சொன்ன வழி திறந்தே இருக்கிறது.

ஓர் எச்சரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை. பணம் அனுப்புகிறேன், எண்ணைப் போடுங்கள் என்று எவராவது சொன்னால் அது வஞ்சகம். உடனே 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

“ஐயா, ஐம்பது ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா?” என்று கேட்கலாம். கொஞ்சத்தில் உண்மையாயிருப்பதைப் பற்றி லூக்கா 16:10-ல் ஆண்டவர் சொன்னதை நினையுங்கள். சிலுவையின் அடியில் நடந்ததையும் நினையுங்கள். போர்ச்சேவகர் நால்வர் ஒரு பழைய அங்கியை வைத்துச் சீட்டுப்போட்டார்கள். தையலில்லாமல் நெய்யப்பட்ட நல்ல ஆடை என்று அதன் தரத்தைச் சரியாகவே கண்டார்கள். கிழித்தால் வீணாகும் என்று கணக்கும் பார்த்தார்கள். ஆடையைக் கண்ட அவர்கள், அதை உடுத்தியிருந்தவர் தலைக்குமேல் தொங்குகிறதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கைப்பேசியில் ஓர் ஆடையின் படம் வரும்போதெல்லாம், அதற்குரியவரையும் ஏறெடுத்துப் பார்ப்போமாக.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, எங்களை நேசித்து, விலைபேசாமல் உமது குமாரனையே எங்களுக்காகக் கொடுத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். வாங்கும்போதும் விற்கும்போதும் எங்கள் நாவைப் பொய்க்கு விலக்கிக் காத்தருளும். எதிரே இருப்பவரின் முகத்தைக் காணும் கண்களைத் தாரும். தேவையினால் தன் ஆடையை விற்கிற ஒவ்வொருவரையும் நினைத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.