அத்திவாரம் வெட்டுமுன் ஒரு கேள்வி



சென்ற மாதம் என்னிடம் ஓதும் பிள்ளையொருத்தியின் உம்மா மத்ரஸாவுக்கு வந்திருந்தார். கையில் ஒரு காணி உறுதி. "மௌலவி, சின்ன மகளுக்குக் கலியாணம் பேசியாச்சு. வீட்டைக் கட்டத்தான் விடுறாங்க இல்லை" என்று கண் கலங்கினார்.

நடந்தது இதுதான். வளவு 9 பேர்ச்சஸ். பெண் மக்கள் இருவர். சில வருடங்களுக்கு முன் அனுமதி பெற்று, முன்பக்கத்தில் 1,200 சதுர அடியில் மூத்தவளுக்கு வீடு கட்டினார்கள். பின்னாலுள்ள 4 பேர்ச்சஸை இப்போது இளையவள் பெயருக்கு எழுதினார்கள். கொந்தராத்துக்காரருக்கு முற்பணம் கொடுத்து, அத்திவாரமும் வெட்டிய பிறகுதான் பிளான் சபைக்குப் போயிற்று. போன வேகத்தில் திரும்பியும் வந்தது.

சபையாரைக் குறை சொல்லிப் பயனில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978இல் வந்தது. அதன் கீழ் 1986இல் வந்த ஒழுங்குவிதிகள், வீட்டுக் காணித் துண்டு 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சஸுக்குக் குறையக் கூடாது என்றன. காணியில் 65 வீதத்துக்கு மேல் கட்டடம் நிற்கக் கூடாது என்றும் சொல்லின. 2021இல் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. இடத்துக்கு இடம் அளவுகள் வேறுபடலாம். ஆகவே உங்கள் ஊர்ச் சபையில் கேட்டறிவதே சரி.

காணியைப் பிரிக்காமல் கட்டலாமே என்று கேட்பீர்கள். கணக்குப் பாருங்கள். 9 பேர்ச்சஸ் என்பது 2,450 சதுர அடி. அதில் 65 வீதம் 1,590. மூத்தவளின் வீடு 1,200ஐ எடுத்துவிட்டது. மிச்சம் 390 சதுர அடி. ஓர் அறையும் குசினியும் போடத்தான் காணும்.

இந்த விதிகள் வீணாக வந்தவையல்ல. நெருக்கமான நம் ஊர்களில், மணல் நிலத்தில், ஒரு வீட்டு மலசலகூடக் குழியின் அழுக்கு அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போகும். எல்லைச் சுவரில் ஜன்னல் வைத்தால் அயல்வீட்டுப் பெண்ணுக்கு முற்றத்தில் நிற்க முடியாது. அயலாருக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்றுதானே நம் மார்க்கமும் கற்றுத் தந்திருக்கிறது?

ஆனால் இவற்றுக்குச் செலவும் உண்டு. அதை மறைக்க முடியாது. நில அளவையாளர் கூலி, பிளான் கூலி, சபைக் கட்டணம் எல்லாவற்றையும் விடக் காத்திருப்புத்தான் பெரிய செலவு. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயளவில் இருந்த சீமெந்து மூட்டை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. பழைய விலைக்கு வேலையை ஒப்புக்கொண்ட கொந்தராத்துக்காரர் என்ன செய்வார்? ஒன்றில் கடன்படுவார், அல்லது கம்பியையும் சீமெந்தையும் குறைப்பார். அந்த நட்டம் கடைசியில் நம் சுவரில்தான் வெடிப்பாகத் தெரியும். அனுமதி தரும் சபைகளும் ஏழையின் இந்தக் கணக்கை நினைத்துத் தாமதமின்றிப் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க கட்டுங்க, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சிலர் மேசன்மாரைத் தூண்டுகிறார்கள். அனுமதியில்லாக் கட்டடத்தை இடிக்க நீதவான் நீதிமன்றம் கட்டளையிடலாம். இடிபடுவது மகளின் வீடு. கூலியிழப்பது அன்றாடம் உழைக்கும் மேசன்.

அந்தத் தாயின் பிரச்சினை எப்படித் தீர்ந்தது? காணியை மீண்டும் ஒன்றாக்கி, மேல்மாடி கட்டுவது என்று முடிவாயிற்று. மூத்தவள் "தங்கச்சி மேலே இருக்கட்டும் உம்மா" என்று மனமுவந்து சம்மதித்தாள். ஆனால் பழைய அத்திவாரம் மாடிக்குப் போட்டதல்ல. இப்போது புதிதாகத் தூண்கள் எழுப்ப வேண்டும். முதல் வீட்டிலேயே தூண் போட்டிருந்தால் சில அந்தர் கம்பியோடு முடிந்திருக்கும் வேலை, இன்று உம்மாவின் காப்புகளை விற்க வைத்திருக்கிறது.

சகோதரிகளே, மூன்று விடயங்களை மனதில் வையுங்கள். உறுதி எழுதுமுன், கலியாண நாள் குறிக்குமுன், சபைக்குப் போய் இந்தக் காணியில் என்ன கட்டலாம், வீதிக்கோடு எங்கே வருகிறது என்று கேளுங்கள். கொந்தராத்துக்காரருடன் பேசியதை எழுதிக்கொள்ளுங்கள்: அனுமதி எடுப்பது யார், தாமதித்தால் விலையேற்றம் யாருக்கு, முற்பணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்கு இறைவன் கற்றுத் தந்த ஒழுங்கு. மூன்றாவது, ஒன்றுக்கு மேற்பட்ட பெண் மக்கள் இருந்தால், முதல் வீட்டின் அத்திவாரத்தையே மாடிக்கு ஏற்றதாகப் போடுங்கள்.

பெண்ணின் வாப்பாதான் வீடு கட்டித் தர வேண்டும் என்று மார்க்கம் எங்கே சொன்னது என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. இன்ஷா அல்லாஹ், அதை அடுத்த மாதம் பேசுவோம்.