மெல்லிய விரலின் கூலி

கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டில் போ (BOH) என்னும் தேயிலைத் தோட்டம் தோன்றிய காலந்தொட்டு, காடழிப்பதும் கவாத்து வெட்டுவதும் ஆடவர் காரியமென்றும், கொழுந்து பறிப்பது ஸ்திரீகளின் காரியமென்றும் வழங்கிவந்த பாகுபாட்டுக்கு, பெண்ணின் விரல் சுபாவத்திலேயே மிருதுவானது என்ற நியாயத்தைத்தான் தேயிலை விளையும் பல தேசங்களிலும் துரைமார்கள் சொல்லிவந்தார்கள். விரலைப் புகழ்ந்தவர்கள் கூலியில் அந்தப் புகழைக் காட்டவில்லை. மலாயாத் தோட்டங்களில் அக்காலத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய சர்க்காரின் சார்பில் பார்வையிட வந்த ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார், பொருளாதார மந்த காலத்தில் குறைத்த கூலியைத் திரும்பக் கொடுக்கும்படி சிபாரிசு செய்தபோதும் அதே 50-ஐயும் 40-ஐயும்தான் சொன்னார்.

கொழுந்தெடுப்பதைச் சற்று நின்று கவனித்தவர்களுக்கு அது பிறவியில் வருவதல்ல, அப்பியாசத்தில் வருவது என்பது விளங்கும். இரண்டு இலையும் ஓர் அரும்பும் மட்டும் கிள்ளி, பிடிக்குள் இறுகினால் இலை நசுங்கிச் சிவந்துவிடுமாகையால் கை நிறையுமுன்பே முதுகுக் கூடையில் எறிந்து, முற்றிய இலை கலந்ததற்காக நிறுவையிடத்தில் ஏச்சும் வாங்கிக்கொண்டு, பொழுது சாய லயத்துக்குத் திரும்பி ஒருத்தி அடுப்பை மூட்டுகிறாளே, அந்த அடுப்பு வேலை எந்தச் செக்ரோல் பதிவேட்டிலும் ஏறியதில்லை.

இப்போது கேமரன் மலைச் சரிவுகளில் யந்திரம் வந்துவிட்டது. நிரையின் இருபுறமும் இருவர் பிடித்து நடக்க, வெட்டுண்ட இலை பின்னால் இழுபடும் துணிப்பையில் விழுகிறது. பிடிப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த ஆடவர்கள். மெல்லிய விரலின்றித் தேயிலை இல்லை என்ற பேச்சு எந்தக் காட்டில் ஒளிந்துகொண்டதோ! யந்திரம் பாரமானது, ஆகையால் ஆண்தான் வேண்டும் என்பார்கள். ஜப்பானில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு புறமாக இத்தகைய யந்திரத்தைப் பிடித்து அறுவடை செய்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணத்துக்கு இறங்கிவிட்டது மெய்தான். ஆயினும் கூடை சுமந்தவளுக்கே யந்திரத்தைப் பழக்கி, அதற்குரிய கூலியையும் கொடுத்திருந்தால் அத்தனை பேரும் இறங்கியிருப்பார்களா என்பது என் சந்தேகம்.

கேரளத்து மூணாற்றில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டு வீதியில் அமர்ந்தபோது, கம்பெனியின்மீது கொண்ட கோபத்துக்குக் குறையாத கோபத்தைத் தங்கள் பேரால் பேசிவந்த ஆண் தலைவர்கள்மீதும் கொண்டு, அவர்களை அருகே அண்டவிடாமல், பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தாமே நின்று, பத்து நாளுக்குள் கேட்ட தொகையைப் பெற்றார்கள். நமது மலேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தார் அடுத்த ஒப்பந்தத்துக்கு உட்காரும்போது, யந்திரப் பயிற்சியிலும் மேற்பார்க்கும் மண்டோர் உத்தியோகத்திலும் பெண்களுக்குப் பங்கு என்ற ஷரத்தை எழுதச் செய்யவேண்டும். கொழுந்தெடுத்த கை ஒன்றேனும் அந்த மேஜையருகே இருந்தால், பேச்சு இன்னும் சுருக்காக முடியும்.