தோளில் சதை ஏறினால் பந்து வேகமாகுமா?

உங்கள் வகுப்பில் யாராவது அண்மையில் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தால், அவர் முதலில் பெருக்க நினைப்பது மேற்கைச் சதையாகத்தான் இருக்கும். கண்ணாடியில் முதலில் தெரிவது அதுதானே! வீட்டுப் பெரியவர்களின் கவலை வேறு. "வளர்கிற வயதில் பளு தூக்கினால் குள்ளமாகிவிடுவாய்" என்று எச்சரிப்பார்கள். இந்த இரண்டு பேச்சிலும் அறிவியல் குறைவு. பேஸ்பாலோ சாஃப்ட்பாலோ, பந்து எறிகிற ஒவ்வொரு மாணவருக்கும் வலுப்பயிற்சி தேவை என்பதே என் கருத்து. ஆனால் அது தோற்றத்துக்காக அல்ல, மூட்டைக் காப்பாற்றுவதற்காக.

முதலில் ஒரு சிறு கணக்கு. பேஸ்பாலின் எடை சுமார் 145 கிராம். நல்ல எறிபவர் அதை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 41.7 மீட்டர் வேகத்தில் எறிகிறார். இயக்க ஆற்றலுக்கான சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டால் ஏறத்தாழ 126 ஜூல் வரும். தேக்காவில் வாங்கிய 10 கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து தோள் உயரத்துக்குத் தூக்கினாலும் அதே அளவு ஆற்றல்தான் செலவாகும். உங்களில் பலர் அதைச் செய்துவிடுவீர்கள். அப்படியானால் உங்களால் ஏன் 150 கிலோமீட்டர் வேகத்தில் எறிய முடியவில்லை?

விடை நேரத்தில் இருக்கிறது. அரிசிப் பையைத் தூக்க ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ எடுத்துக்கொள்ளலாம். எறிபவரின் கை முன்னோக்கிச் சுழன்று பந்தை விடுவிக்க ஒரு விநாடியில் நூறில் சில பங்கே ஆகிறது. அந்தக் கணத்தில் தோள் விநாடிக்குச் சுமார் 7,000 பாகை வேகத்தில் சுழல்கிறது. அதே வேகத்தில் தொடர்ந்து சுழல முடிந்தால், கை ஒரு விநாடியில் 19 சுற்றுச் சுற்றிவிடும்!

இப்போது முழங்கையைப் பாருங்கள். அதன் உட்பக்கத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இணைக்கும் சிறிய தசைநார் ஒன்று உண்டு. வேகமாக எறியும்போது முழங்கை மூட்டில் ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை ஏற்படுவதாக 1995ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அளந்தது. முழங்கையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி 22 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் திருப்புவிசைக்கு இது சமம். ஆனால் அந்தத் தசைநாரைத் தனியாகச் சோதித்தபோது, அது சராசரியாக 32 நியூட்டன் மீட்டர் அளவிலேயே அறுந்துவிட்டது.

அதாவது ஒவ்வொரு வேகமான எறியிலும் அந்தத் தசைநார் தனியாகத் தாங்கக்கூடியதைப்போல் இரு மடங்கு சுமை மூட்டில் விழுகிறது. ஆனாலும் அது ஒவ்வொரு முறையும் அறுவதில்லை. சுமையின் ஒரு பகுதியை முன்கைத் தசைகளும் எலும்புகளின் பொருத்தமும் பகிர்ந்துகொள்வதே காரணம். தசை களைத்துவிட்டால் அதன் பங்கும் தசைநார்மீது இறங்குகிறது. வலுப்பயிற்சி வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவிலிருந்து பேஸ்பாலுக்குப் போன இருவரின் கதை இங்கே பொருந்தும். 2008ல் இந்தியாவில் "மில்லியன் டாலர் ஆர்ம்" என்ற எறிபோட்டி நடந்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு இளையர்கள் அதில் தேர்வானார்கள். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பால் அவர்களுக்குப் புதிது. அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்ற பயிற்றுவிப்பாளரிடம் சில மாதங்கள் பயின்றதும், அதே ஆண்டின் இறுதியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழு இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014ல் அவர்களின் கதையை டிஸ்னி நிறுவனம் திரைப்படமாக எடுத்தது. அதற்கு இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரஹ்மான்.

படத்தில் இல்லாத பகுதியும் உண்டு. நல்ல உயரமும் உடற்கட்டும் கொண்ட ரிங்கு சில பருவங்கள் கீழ்நிலைக் குழுக்களில் ஆடி முன்னேறினார். பிறகு காயங்கள் வந்தன. முழங்கைத் தசைநாருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. பேஸ்பாலில் மேல்நிலையை எட்டாமலே அவர் 2018ல் தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறினார். ஒருவரின் காயத்துக்கு இதுதான் காரணம் என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. பயிற்சியால் தசை சில மாதங்களில் வலுவடையும். தசைநார் அதே வேகத்தில் வலுவடைவதில்லை. வண்டியின் இயந்திரத்தை மட்டும் பெரிதாக்கி, அச்சாணியைப் பழையபடி விட்டால் என்ன ஆகும்?

இந்த அறுவைச் சிகிச்சையை முதன்முதலில் 1974ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற எறிபவருக்குச் செய்தார். உடலின் வேறோர் இடத்திலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து, அறுந்த தசைநாருக்குப் பதிலாகப் பொருத்தினார். டாமி ஜான் 1976ல் களத்துக்குத் திரும்பி, 1989 வரை ஆடினார். அந்த வெற்றியைக் கேட்டுவிட்டு, "அறுந்தால் தைத்துக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். மீண்டும் போட்டியில் எறிய ஓராண்டுக்கு மேல் ஆகலாம். எல்லாரும் பழைய நிலைக்குத் திரும்புவதும் இல்லை.

பளு தூக்கினால் எறிபவரின் உடல் இறுகிவிடும் என்று ஒரு காலத்தில் பேஸ்பால் உலகமே நம்பியது. அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் நோலன் ரயன் முக்கியமானவர். அவர் முறையாக வலுப்பயிற்சி செய்து, 46 வயதுவரை ஆடினார். அவருடைய பிற்காலப் பயிற்றுவிப்பாளர்களில் ஒருவர்தான் மேலே சொன்ன டாம் ஹவுஸ்.

சரி, குள்ளமாகிவிடுவோமா? வளரும் வயதில் எலும்பின் முனைகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கும். தகுதியான பயிற்றுவிப்பாளரின் மேற்பார்வையில் செய்யும் வலுப்பயிற்சி அதைக் கெடுத்து உயரத்தைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. 5 முதல் 17 வயது வரையிலானோர் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் நடவடிக்கைகளில் வாரத்தில் குறைந்தது 3 நாள் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் பரிந்துரைத்தது. மாணவிகளே, இது உங்களுக்கும்தான். முதுமையில் உங்களைத் தாங்கப்போகும் எலும்பின் அடர்த்தியில் பெரும்பங்கு இந்த வயதில்தான் சேர்கிறது.

வேடிக்கை என்னவென்றால், வளர்ச்சித் தட்டை உண்மையிலேயே பாதிப்பது ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப எறிவது. பிள்ளை பளு தூக்குவதைக் கண்டு பயப்படும் பெற்றோர், சனிக்கிழமை காலையில் அவன் நூறு முறைக்கு மேல் எறிந்துவிட்டு வந்தால் கவலைப்படுவதில்லை. கை களைத்த பிறகும் அடிக்கடி எறிந்த இளம் ஆட்டக்காரர்கள், அறுவைச் சிகிச்சை வரை போகும் சாத்தியம் 36 மடங்கு அதிகம் என்று 2006ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் 2014ல் வகுத்த வழிகாட்டியின்படி, 13 முதல் 16 வயதுக்காரர் ஒரே நாளில் 95 எறிகளைத் தாண்டக்கூடாது. அந்த எல்லையை நெருங்கினால் அடுத்த 4 நாள் எறியாமல் இருக்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது? கையிலிருந்து அல்ல, காலிலிருந்து. டென்னிஸ் சர்வ் பற்றிய ஆய்வு ஒன்றில், பந்துக்குப் போகும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கால், இடுப்பு, உடற்பகுதி ஆகியவற்றிலிருந்து வருவதாகத் தெரிந்தது. எறிதலிலும் விசை தரையிலிருந்து கிளம்பி, இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. நாஃபா உடலுறுதித் தேர்வில் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுகிறீர்களே, அந்த வலுதான் இது. உட்கார்ந்தெழுதல், தண்டால், உடலை நோக்கி எடையை இழுத்தல், பிளாங்க் ஆகியவற்றோடு தோளின் பின்பக்கத் தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும். பந்தை விட்டபின் கையை நிறுத்தும் தடைக்கட்டை அந்தப் பின்பக்கத் தசைகள்தான்.

வாரத்தில் 2 அல்லது 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. முதலில் எடையே இல்லாமல் அசைவைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். 15 முறை சிரமமின்றிச் செய்ய முடிந்தால், எடையை 5 முதல் 10 விழுக்காடு கூட்டலாம். தொடக்க வாரங்களில் சதை பெருக்காது; ஆனால் வலு கூடும். இருக்கிற தசைநார்க்கற்றைகளை ஒன்றுசேர இயக்க நரம்புகள் கற்றுக்கொள்வதுதான் அதற்குக் காரணம். கண்ணாடியைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

பெரிய டப்பாவில் விற்கும் புரத மாவு? உங்களில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.4 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால், 55 கிலோ எடையுள்ளவருக்கு 77 கிராம் வேண்டும். 2 முட்டையில் 12 கிராம், ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 18, 100 கிராம் சமைத்த கோழி நெஞ்சுக்கறியில் 31, 100 கிராம் தெம்பேயில் 19. மொத்தம் 80. எல்லாமே தேக்கா சந்தையில் கிடைக்கும். அதோடு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். தேர்வுக் காலத்தில் நீங்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். பயிற்சியின் பலனும் அதோடு குறைகிறது.

சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் 1960ல் ரோமில் கிடைத்தது. வென்றவர் பளுதூக்கும் வீரர் டான் ஹாவ் லியாங். அப்படியிருந்தும் வலுப்பயிற்சி என்றால் தேசிய வீரர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. எறிதல் உள்ள ஒவ்வோர் இணைப்பாட நடவடிக்கையிலும் இரண்டு வழக்கங்கள் வரவேண்டும் என்பேன்: வாரம் இரண்டு வலுப்பயிற்சி வகுப்பு, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் எறிக்கணக்கு. முதலாவதற்குப் பயிற்றுவிப்பாளரிடம் கேளுங்கள். இரண்டாவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு சிறு குறிப்பேடு போதும். கை களைத்துவிட்டது என்று அதில் எழுத நேர்ந்தால், அன்று அத்தோடு நிறுத்திவிடுங்கள்.