இன்னைக்கு ஒரு நாள்தான் இந்த விலைங்கய்யா

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரவில்லை. மஞ்சள் நடவு, வாய்க்கால் தண்ணி முறை, வாழைக்கு மண் அணைக்கிறது என்று வேலை இருந்தது உண்மைதான். ஆனால் வேலை மட்டும் காரணம் இல்லை. எழுத வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது, எழுத வெட்கமா இருந்தது. இப்பவும் கொஞ்சம் வெட்கம்தான்.

எங்க வீடு அப்பா 1976-ல் கட்டினது. ஓட்டு வீடு, தடிமனான செவுரு, ஆறு ஜன்னல். ஜன்னலெல்லாம் எங்க காட்டு வேப்பமரத்தை அறுத்துச் செஞ்சது. நெட்டுக்கம்பி போட்டு, உள்பக்கம் ரெண்டு கதவு. போன ஐப்பசி மழையில் மேற்குப் பக்கம் ரெண்டு ஜன்னலிலும் தண்ணி உள்ளே வந்துவிட்டது. கையால் அமுக்கினால் நிலைச்சட்டம் ரொட்டி மாதிரி உள்ளே போகுது. செல்லு அரிச்சிருச்சு. நீங்கள் கறையான் என்பீர்கள், நாங்கள் செல்லு என்போம்.

சித்திரையில் ஈரோட்டில் ஒரு வீட்டுச் சாமான் கண்காட்சிக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு ஸ்டாலில், கூப்பனில் பேரும் போன் நம்பரும் எழுதிப் போட்டால் குலுக்கலில் மிக்ஸி கிடைக்கும் என்றார்கள். வீட்டம்மா எழுதிப் போட்டாள். மிக்ஸி வரவில்லை, போன் வந்தது. ஒரு நாளைக்கு மூணு தடவை. "சும்மா வந்து அளவு மட்டும் எடுத்துட்டுப் போறோம்ங்கய்யா, வாங்கணும்னு கட்டாயம் இல்லீங்க." சரி, வந்துட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பத்தரை மணிக்குக் காரில் ரெண்டு பேர் வந்தார்கள். ஒருத்தருக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், இன்னொருத்தர் கொஞ்சம் பெரியவர். லேசர் விட்டு அளவெடுக்கிற மெஷின், கையில் டேப், ஒரு பெரிய பெட்டி. ஜன்னல் அளவெடுக்க இருபது நிமிஷம். கிளம்பினது ரெண்டு மணிக்கு.

நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். முதலில் ஜன்னலைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்க அப்பா போட்டோவைப் பார்த்து "பெரியவர் கட்டின வீடுங்களா" என்றார். பொண்ணு என்ன செய்யுது, மஞ்சள் என்ன விலைக்குப் போச்சு எல்லாம் கேட்டார். காபி ஆச்சு. அப்புறம் பெட்டியைத் திறந்து ஒரு யூபிவிசி ஜன்னல் மூலையை எடுத்து, என் கையில் சுத்தியலைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அடிச்சேன், உடையவில்லை. ரெட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூடான பல்பைப் போட்டு, இந்தப் பக்கம் கையை வைக்கச் சொன்னார். சுடவில்லை. நான் அசந்துவிட்டேன். எங்க வீட்டில் ஏசி இல்லை, ஜன்னலை நாங்கள் சாத்துவதே மழைக்கும் கொசுவுக்கும்தான், சூடு இறங்குவது ஓட்டிலிருந்து. இதெல்லாம் அப்போது எனக்குத் தோணவே இல்லை. திறந்தே கிடக்கிற ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி எதற்கு?

விலை கடைசியில்தான் வந்தது. ரெண்டு லட்சத்து அறுபதாயிரம். நான் எந்திரிச்சுவிட்டேன். உடனே பெரியவர், "ஐயா உட்காருங்க, அது புக் விலைங்க" என்றார். பண்டிகைத் தள்ளுபடி போச்சு. இந்த ஊரில் முதல் வீடு என்பதால், வீட்டு முன்னால் அவங்க போர்டு வைக்க விட்டால் ஒரு முப்பதாயிரம் போச்சு. அப்புறம் மேனேஜருக்குப் போன். வாசலுக்குப் போய், எங்களுக்குக் கேட்கிற மாதிரி, "சார், ரொம்ப நல்ல குடும்பம் சார், விவசாயி சார்" என்று பேசிவிட்டு வந்து, "ஒன்னு எழுபத்திரெண்டு. இன்னைக்கு ஒரு நாள்தான் இந்த விலைங்கய்யா. நாங்க கேட்டைத் தாண்டுனா சிஸ்டத்துல மாறிரும்" என்றார்.

அதற்குள் மணி ஒன்றரை. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்தவங்களைச் சும்மா அனுப்புகிற வழக்கம் நம்மிடம் இல்லை. இலை போட்டாச்சு. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, வீட்டம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, சாயங்காலம் பாப்பா போன் பண்ணுவா. அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லலாமுங்க."

அதற்கு அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "அம்மா கேக்கறது நியாயந்தான். ஆனா வீட்டுல முடிவு பண்றது ஐயா தானுங்களே" என்றார்.

நான் அவளைப் பார்த்து, "நீ சித்த சும்மா இரு புள்ள" என்றேன். வெளி ஆள் முன்னால். கையெழுத்துப் போட்டு, பீரோவிலிருந்து 25,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். உழவுக்கும் வாழைக்கன்னுக்கும் வைத்திருந்த பணம். அன்று சாயங்காலம் பாப்பா போன் பண்ணினபோது ரெண்டு பேருமே ஜன்னலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

எனக்கு என் மேலேயே வந்த கோபம் என்னவென்றால், நான் சந்தையில் அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. அந்தியூர்ச் சந்தையிலும் சரி, கண்ணபுரத்திலும் சரி, பல் பார்க்காமல், சுழி பார்க்காமல், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்காமல் ஒரு மாடு பிடிச்சதில்லை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு வந்திருக்கிறேன். காட்டுக்கு வருகிற யாவாரியும் இதே பாட்டைத்தான் பாடுவார். "நாளைக்கு இறங்கிருமுங்க, இன்னைக்கே எடை போட்டுருங்க." அவரிடம் நான் மசிய மாட்டேன். ஏனென்றால் மஞ்சள் விலை எனக்குத் தெரியும், தெரியாவிட்டால் நாலு பேருக்குப் போன் போட்டுக் கேட்பேன். ஜன்னல் விலை எனக்கு எப்படித் தெரியும்? எங்க குடும்பத்தில் கடைசியா ஜன்னல் செஞ்சது அப்பா. எனக்கு அம்பது வருஷத்துக்கு ஒரு தடவை, அவருக்கு அது தினசரி வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. சந்தையில் நான் நின்றுகொண்டிருக்கிறேன், நடந்து வந்துவிடலாம். இங்கே என் வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். நான் எங்கே நடந்து போவது? காபி குடிச்சவரை, சோறு சாப்பிட்டவரை, மூணு மணி நேரம் தொண்டை வத்தப் பேசினவரை எழுந்து போங்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. தாட்சண்யம் தனநாசம் என்று எங்க அப்புச்சி சொல்வார். அந்தத் தாட்சண்யத்தைத்தான் அவர்கள் அளவெடுத்துக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் கழித்துப் பாப்பா ஊருக்கு வந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. டிவி மேலே இருந்த காகிதத்தை எடுத்து ரெண்டு தடவை படிச்சாள். "அப்பா, வரி தனின்னு போட்டிருக்கே, கேட்டீங்களா?" கேட்கவில்லை. 18 சதவீதம், 30,960 ரூபாய். "கம்பி?" கம்பியும் தனி. பாம்பும் குரங்கும் வருகிற ஊரில் கம்பி இல்லாத ஜன்னல்! கொசுவலைக் கதவும் தனி. முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று இங்கிலீஷில் எறும்பு மாதிரி எழுத்தில் இருந்தது. பிறகு அவள் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினாள். நாலடிக்கு நாலடி, ஒரு ஜன்னல் 16 சதுர அடி, ஆறுக்கு 96. சதுர அடி ஏறக்குறைய 1,790 ரூபாய். அந்த மூணரை மணி நேரத்தில் "சதுர அடி என்ன விலை" என்ற கேள்வி என் வாயில் வரவே இல்லை, அவர்களும் வரவிடவில்லை. உழவர் சந்தையில் கத்தரிக்காய்க்குக்கூட வாசலில் பலகையில் விலை எழுதியிருக்கும்.

அவள் என்னைத் திட்டவில்லை. அதுதான் பெரிய விஷயம். திட்டியிருந்தால் அடுத்த தடவை இன்னும் ஆழமாக ஒளிச்சிருப்பேன்.

1915-க்குப் போன் பண்ணினாள். மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசுகிறார்கள். புகார் பதிவாச்சு. அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து வந்த போன்களின் குரலே வேறு. அஞ்சு வாரம் இழுத்து 18,000 திரும்ப வந்தது, 7,000 அளவெடுத்த செலவாம். மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம்ப்பா, அஞ்சு லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணமே இல்லை என்றாள். நடவு நேரம், விட்டுவிட்டேன். விட்டது சரியா தப்பா என்று எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆன்லைன் கடைகளில் "இன்னும் பத்து நிமிஷம்தான், ஒன்னுதான் பாக்கி" என்று பொய்யாக அவசரப்படுத்துவது தப்பு என்று 2023-ல் மத்திய அரசு விதிமுறை போட்டிருப்பதாகப் பாப்பா சொன்னாள். போனில் சொன்னால் தப்பு என்றால் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் மட்டும் எப்படிச் சரி? அமெரிக்காவில் வீடு தேடி வந்து விற்றால், வாங்கினவர் மூணு வேலை நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று எழுபதுகளிலேயே விதி வந்துவிட்டதாம். இங்கே ஜன்னல், சோலார், தண்ணி மெஷின் என்று யார் வீட்டுக்கு வந்து விற்றாலும் அந்த மூணு நாளைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. வருகிற வரைக்கும் நானே என் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். வந்த அன்றைக்கு யாருக்கும் கையெழுத்து இல்லை, பணம் இல்லை. ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, வீட்டம்மாவும் சரி என்றால்தான். ஒரு ராத்திரி தாங்காத விலை எனக்கு வேண்டாம்.

அந்தச் சின்னப் பையனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேன்சல் பண்ணினதும் அவன் தனியாகப் போன் பண்ணினான். தர்மபுரிப் பக்கம், அவங்க அப்பாவும் விவசாயம்தானாம். "ஐயா, இது போச்சுன்னா இந்த மாச டார்கெட் எனக்கு இல்லீங்கய்யா." மனசு கேட்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்றேன். இவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இவனை வெயிலில் ஊர் ஊராக அனுப்பிவிட்டு, கேட்டைத் தாண்டினால் விலை மாறும் என்று சொல்லிக்கொடுத்தவர் மேல்தான்.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கதவில் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை இருக்கும், கீழே வாட்ச்மேன் இருப்பார். ஊரில் உங்கள் அப்பா அம்மா பகலெல்லாம் வாசலைத் திறந்து போட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது ரெண்டு வார்த்தை அன்பாகப் பேசினால் சந்தோஷப்படுகிற வயசு. இப்போதெல்லாம் கார்கள் அந்த வாசலுக்குத்தான் வருகின்றன. அவர்கள் ஏதாவது கையெழுத்துப் போட்டிருப்பது தெரிந்தால், "ஏம்ப்பா, உனக்கு அறிவில்லையா" என்று ஆரம்பிக்காதீர்கள். காகிதத்தை வாங்கிப் படியுங்கள். வரி, கம்பி, வலை, பழசைப் பிடுங்குகிற கூலி, செவுத்துப் பூச்சு எல்லாம் சேர்ந்த மொத்தமா என்று பாருங்கள்.

யூபிவிசி கெட்ட சாமான் என்று நான் சொல்ல மாட்டேன். செல்லு அரிக்காது, பெயிண்ட் வேண்டாம். கடைசியில் கோபியில் ஒருத்தரிடம் போய், சட்டத்துக்குள் இரும்பு வைக்கிறாரா என்று வெட்டின துண்டைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, மேற்கு ஜன்னல் ரெண்டுக்கு மட்டும் போட்டோம். ஒத்தைக் கண்ணாடி, கொசுவலையோடு சதுர அடி 750. 32 சதுர அடிக்கு வரியோடு 28,320. பழைய கம்பியையே உள்பக்கம் பொருத்திக் கொடுத்தார். மீதி நாலு ஜன்னலை எங்க ஆசாரி பார்த்துவிட்டு, "கீழ்ச்சட்டம்தான் போயிருக்குதுங்க, மேல இரும்பாட்டம் இருக்குது, எதுக்குங்க பிடுங்கறீங்க" என்றார். அரிச்ச பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதுக் கட்டை கொடுத்துச் சேர்த்தார். மூணு நாள் வேலை.

புது ஜன்னல் இழுப்புக் கதவு. கீழே தண்ணி வெளியே போகச் சின்ன ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். நேற்று மழையில் அதில் ஒன்றில் தண்ணி தேங்கி நின்றது. பார்த்தால் குளவி மண்ணைக் கொண்டுவந்து அடைச்சிருக்கிறது. ஈர்க்குச்சி எடுத்துக் குத்திவிட்டேன். வீட்டம்மா பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள். "அடுத்த தடவ சும்மா இருன்னு சொல்லிப் பாருங்க" என்றாள்.